வலது கையை நிறுத்தாதே

போன ஆண்டு மே மாதம், கல்லூரி மாணவர்களுக்கான மூன்று நாள் முகாம் ஒன்றில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி வகுப்பெடுக்கப் போயிருந்தேன். புகார் மனுவை எப்படி எழுதுவது, முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவைப் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இப்படி வழக்கமான வகுப்புதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது முதலாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இந்த வேலையத் தவிர உங்களுக்கு வேற என்ன பிடிக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. புத்தகம் படிக்கப் பிடிக்கும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே, படிப்பதெல்லாம் இந்த வேலைக்காகத்தானே என்று தோன்றியது. 19 ஆண்டுகளாக அரசு மருத்துவமனைப் பிணவறை வாசல், காவல் நிலையத்து பெஞ்சு, ஆட்சியர் அலுவலக வராந்தா, நீதிமன்ற மரத்தடி. அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

என் 42ஆம் வயதில் கிட்டார் வாங்கியதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் கொஞ்சம் நாடகம் மாதிரி இருக்கும். ஆனால் உண்மை அதுதான். சின்ன வயதில், காலனி மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளியூர்ப் பையன் ஒருவன் கிட்டார் வாசித்ததைச் சன்னல் வழியாகப் பார்த்தது மட்டும் மனதின் அடியில் எங்கோ கிடந்தது.

முதலில் நகரத்திலுள்ள ஓர் இசைப் பள்ளிக்குப் போனேன். வரவேற்பு மேசையில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் "பையனுக்கா, பொண்ணுக்கா மேடம்?" என்றார். எனக்குத்தான் என்றதும் சிரிக்கவில்லை, பாவம், ஆனால் படிவத்தில் 'பெற்றோர் பெயர்' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். கட்டணமும் கட்டுப்படியாகவில்லை. பிறகு தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் ஒரு தம்பி, வாரம் ஒருநாள் சொல்லித்தர ஒப்புக்கொண்டார். வயது 23. நான் அவரை "மாஸ்டர்" என்று கூப்பிட, அவர் என்னை "அக்கா" என்று கூப்பிட, வகுப்பு நடக்கிறது.

கிட்டார் 3,500 ரூபாய்க்குக் கைமாற்றாக வாங்கியது. முதல் மாதம் விரல் நுனி எரிந்த எரிச்சலில், இது எனக்கு வராது, வயதாகிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். மாஸ்டர் கிட்டாரை வாங்கி, பன்னிரண்டாவது கட்டை மேல் ஸ்கேலை வைத்து அளந்தார். கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே நாலு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. இரண்டரைக்குப் பக்கத்தில் இருந்தால் போதுமாம். கம்பிகளைக் கழற்றி, அவை உட்காரும் வெள்ளைப் பட்டையை உருவி, அதன் அடியை உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்தார். கெட்டிக் கம்பியை எடுத்துவிட்டு மெல்லிய கம்பி மாட்டினார். அரை மணி நேர வேலை. அதன்பின் அதே விரல்தான், அதே வயதுதான், ஒலி வந்தது. கருவியில் இருந்த கோளாறை என் உடம்பின் கோளாறு என்று ஒரு மாதம் நம்பியிருக்கிறேன். புதிதாகக் கற்கப் போகிறவர்கள் முதலில் கிட்டாரை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, பெண்களுக்காகச் சொல்கிறேன், எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை: பாத்திரம் கழுவியவுடன் கிட்டார் எடுக்காதீர்கள். தண்ணீரில் ஊறிய விரலில் கம்பி அப்படியே இறங்கும். மூன்று வாரம் கஷ்டப்பட்டு நுனியில் காய்ப்பு வந்தபோது, துணி துவைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அது வெள்ளையாகத் தோலுரிந்து போனது. வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி, இப்போது மாலை ஏழு மணிக்கு மேல் பாத்திரத்தில் நான் கை வைப்பதில்லை. கிட்டாரால் எனக்குக் கிடைத்த முதல் அரசியல் வெற்றி இது.

வலியைவிடப் பெரிய சிக்கல் கார்டு மாற்றுவது. ஜி ஒரு பிடி, சி ஒரு பிடி. தனித்தனியே பிடித்தால் இரண்டும் வரும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மூன்று விரலும் மூன்று திசையில் நிற்கும். கைபேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணச் சொன்னார் மாஸ்டர். முதல் நாள் ஆறு. நோட்டில் எழுதி வைத்தேன். ஒரு மாதம் கழித்து 17. நாலாவது மாதம் 34. நடுவில் ஒரு விசாரணைக்காக 11 நாட்கள் வெளியூரில் இருந்துவிட்டு வந்தால் 21. எங்கள் வேலையில் எத்தனை ஆண்டுகள் போனாலும் இப்படி ஒரு எண் கண்ணில் படுவதே இல்லை.

இதை முகநூலில் எழுதியதும் தோழர்கள் இருவர் ஒரே மாதிரி கேட்டார்கள். "ஏன் கிட்டார்? ஏன் பறை இல்லை?" ஒருவர் கொஞ்சம் கோபமாகவே, "நம்ம கருவிய விட்டுட்டு மேல்நாட்டுக் கருவிக்குப் போறீங்களே" என்றார். இளைஞர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு பல்கலைக்கழக வாசலில் ஆடும் தங்கைகளைப் பார்க்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கிறது. 2018 சனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடையேறியபோது பறையும் கானாவும் கிட்டாரும் ஒன்றாகத்தான் நின்றன. ஆக, அங்கே சண்டை எதுவும் இல்லை. ஆனால் என் வீட்டுக் கதை வேறு. அதை இதுவரை நான் எழுதியதில்லை.

அப்பா பறையடித்தவர். விழுப்புரம் பக்கம் எங்கள் காலனியில் ஐந்து பேர் அடிப்பார்கள், அதில் அப்பாதான் முன்னால் நிற்பவர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும். காய்ச்சலோ, அறுவடையோ, வீட்டில் பிள்ளை பிறந்த நாளோ, போயாக வேண்டும். வராவிட்டால் என்ன என்ற கேள்வியே கிடையாது. எனக்கு ஏழு வயதிருக்கும்போது காலனியில் கூடிப் பேசி, இனி ஊர்ச் சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அடுத்த சாவுக்கு ஆள் வந்தபோது அப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த அறுவடைக்கு எங்கள் தெருவில் ஒருவரையும் கழனியில் இறக்கவில்லை. கடையில் சாமான் கொடுக்கவில்லை. அம்மா பக்கத்து ஊர் வரை நடந்து போய் அரிசி வாங்கி வந்தார். நான் பசியோடு தூங்கியது நினைவிருக்கிறது.

அப்பா தன் பறையின் தோலைக் கத்தியால் கிழித்து எறிந்தார். வேப்பமரச் சட்டம் மட்டும் மிச்சம். அதை அம்மா தண்ணீர்க் குடத்துக்குப் பிரிமனையாக வைத்துக்கொண்டார். நான் கல்லூரி முடிக்கும்வரை அது என்னவென்று எனக்குத் தெரியாது. வட்டமான ஒரு பழைய கட்டை, அவ்வளவுதான். அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் எதையும் தட்டக் கூடாது. சோற்றுத் தட்டில் விரலால் தாளம் போட்டதற்கு ஒருமுறை முதுகில் அறை வாங்கியிருக்கிறேன்.

இப்போது சொல்லுங்கள், அந்த மனிதரின் மகள் பறையைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் தீர்மானிப்பது? பறையை எடுத்து ஆடுவது விடுதலை என்றால், அதைக் கிழித்துப் போட்டதும் விடுதலைதான். எடுப்பவர்களுக்கு இன்று மேடை கிடைக்கிறது. மறுத்தவர்களுக்குப் பட்டினி கிடைத்தது. பறையெடுக்கும் இளைஞர்கள் இந்த இரண்டாவது வரிசையையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. எனக்குக் கிட்டார் பிடித்துப்போனதற்குக் காரணம் எளிது. பிறந்ததாலேயே அதை நான் அடித்தாக வேண்டும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. எந்த வீட்டுச் சாவுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வா என்று ஆள் வரப்போவதில்லை.

பாபாசாகேப் தன் பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஆனாலும் நாம் அதைப் பேசுவதில்லை. சட்டம், பௌத்தம், பொருளாதாரம் எல்லாம் எழுதிய கை, வில்லைப் பிடித்துக்கொண்டு தொடக்கப் பாடத்தில் தடுமாறியிருக்கும் அல்லவா? தன் நேரத்தில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்க அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

மாஸ்டர் ஒருநாள் எலிசபெத் காட்டன் வாசிப்பதைக் காணொளியில் காட்டினார். அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக இருந்தபோது வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் கிட்டார் வாங்கினார். இடது கைப் பழக்கம். கம்பிகளை மாற்றிக் கட்டாமல் கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தார். பெருவிரல் மெட்டை மீட்ட, மற்ற விரல்கள் அடித்தந்தியைப் பார்த்துக்கொண்டன. கல்யாணம், தேவாலயம், வேலை என்று ஆனபின் கிட்டாரை விட்டுவிட்டார், பல பத்தாண்டுகளுக்கு. பிறகு வாஷிங்டனில் சீகர் என்ற இசைக் குடும்பத்தின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டுச் சுவரில் ஒரு கிட்டார் தொங்கியது. அறுபது வயதையொட்டி அதை எடுத்து மறுபடி தொடங்கினார். 1958இல் முதல் இசைத்தட்டு. 1985இல் கிராமி விருது. விருதுக் கதையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, விருது வராத எத்தனையோ பேர் இருப்பார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சுவர்தான். எஜமானர் வீட்டுச் சுவரில் தொங்கும் பொருளைத் துடைப்பதற்காக அல்லாமல் வாசிப்பதற்காக எடுத்த அந்த முதல் நாளில் அவர் கை எப்படி இருந்திருக்கும்?

இந்தப் பொங்கலுக்குக் கிட்டாரை ஊருக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்கு 76. அவர் முன்னால் வாசிக்கும் எண்ணம் எனக்கில்லை. பின்கட்டில் உட்கார்ந்து ஜி, சி, டி என்று மாற்றிக்கொண்டிருந்தேன். எப்போது வந்து நிலைப்படியில் நின்றார் என்று தெரியாது. அறை விழும் என்று 35 ஆண்டுகளுக்குப் பிறகும் முதுகு ஒருகணம் கூசியது.

"வெல இன்னா?" என்றார். சொன்னேன். "ஏமாந்துட்ட" என்றார். பொருள் எதை வாங்கினாலும் அவர் இப்படித்தான் சொல்வார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மறுபடி வாசித்தேன். இரண்டு சுற்று கேட்டிருப்பார்.

"எடது கைய மாத்துறதுக்காவ சோத்துக் கைய நிறுத்துற பாப்பா."

"மாத்தினாத்தான அப்பா அடுத்த கார்டு வரும்?"

"அது வந்தா வரட்டும், வராட்டி போவட்டும். அடி நிக்கக் கூடாது. கால் அடவு மாறும்போது எங்க கை எங்கனா நிக்குமா?" சொல்லிக்கொண்டே வேட்டியைத் தூக்கிப் பிடித்து, தொடையில் தட்டினார். வலது கை உள்ளங்கையால் கனமாக, இடது கை இரண்டு விரலால் மெல்லிசாக. அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் கையில் இருப்பது போலவே. கால் ஒரு எட்டு வைத்து, திரும்பி, இன்னொரு எட்டு வைத்தது. தொடையில் விழுந்த அடி ஒரு நூல்கூட அசையவில்லை. இதையேதான் மாஸ்டர் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குத்தான் உறைக்கவில்லை. என் அப்பா பறையடித்து நான் பார்த்தது, நினைவு தெரிந்தபின், அந்த அரை நிமிடம்தான். பறை இல்லாமல்.

சட்டென்று நிறுத்திவிட்டார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எங்கனா கூப்ட்டா போயி வாசிப்பியா?"

"பிடிச்சா போவேன் அப்பா."

"புடிக்கலன்னா?"

"போவ மாட்டேன்."

கொஞ்ச நேரம் கிட்டாரையே பார்த்தார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடி சொன்னாரு?" என்றார். ஏமாந்துட்டேனாம் என்றேன்.

திரும்பி வந்ததிலிருந்து முறையை மாற்றியிருக்கிறேன். இடது விரல்கள் தப்பான இடத்தில் விழுந்தாலும் வலது கை ஓடிக்கொண்டே இருக்கிறது. பாதி ஒலி கொடூரமாகத்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் மன்னிக்க வேண்டும். நிமிடக் கணக்கு 41க்கு வந்துவிட்டது. அந்த முகாமில் கேள்வி கேட்ட தங்கைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஒலிப்பதிவு அனுப்பினேன். "அக்கா, இது என்ன பாட்டு?" என்று கேட்டிருக்கிறாள். இன்னும் எஃப் கார்டு வரவில்லை. ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும், இரண்டாவது கம்பி மட்டும் ஊமையாகவே நிற்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு சாட்சி விசாரணை இருக்கிறது. அதற்குப் போய்விட்டு வந்துதான் மறுபடி பார்க்க வேண்டும்.