பொறுக்க வேண்டாத நோய்

வாய் திறவாமல் வேதனையைச் சகித்தவர்களைப் போற்றுவதில் நம்மவர்களுக்கு ஈடு கிடையாது. பல வருஷங்கள் படுக்கையில் கிடந்து மறைந்த ஒரு பாட்டியைப் பற்றிப் பேச்சு வந்தால், அவள் செய்த தானதர்மங்களையும் வளர்த்து ஆளாக்கிய பிள்ளைகளையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, ‘ஒரு முனகல் உண்டா, ஒரு முகச்சுளிப்பு உண்டா, யாருக்கும் சிரமம் வைக்காமல் போய்ச் சேர்ந்தாள் மகராசி’ என்பதையே அவளுடைய பரம கீர்த்தியாகச் சொல்லி முடிப்போம். நானும் அந்தச் சம்பிரதாயத்தில் வளர்ந்தவன். தலைவலிக்கிறது என்று சொல்வதையே ஒரு தாழ்வாக எண்ணிப் பழகியவன். ஆகையால், லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று எனக்கு வந்திருப்பது தெரிந்து, கீமோ சிகிச்சையும் ஆரம்பமாகி, மருத்துவரும் நர்ஸும் மருந்துக் கடைக்காரரும்கூட என்னிடம் வேண்டிக்கொண்ட காரியம் ‘பொறுத்துக்கொள்ளாதீர்கள், சொல்லுங்கள்’ என்பதாகவே இருக்கக் கண்டபோது, அறுபது வயதுக்குமேல் புதிதாக ஒரு பாஷை கற்கச் சொன்னதுபோல் திகைத்துப் போனேன்.

அவர்கள் அப்படி வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நோய் தானாகப் பேசும் சுபாவம் உடையதன்று. காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது, தொட்டால் வலிக்கிறது, புண் ஆறியதும் கரைந்துவிடுகிறது. நிணநீர்ப் புற்றில் கட்டும் நெறியோ பெரும்பாலும் வலிப்பதில்லை. கழுத்திலோ அக்குளிலோ உருண்டு நின்று, யாதொரு தொந்தரவும் செய்யாமல் வளர்ந்துகொண்டே போகிறது. என் கழுத்தில் இருந்ததை எனக்கு அறிவித்தவர் சவரம் செய்துவந்த நாவிதர்தான். கத்தியை நிறுத்தி, ‘என்ன சார், இங்கே ஒரு நெல்லிக்காய் இருக்குது’ என்றார். லண்டன் நகரத்து கைஸ் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல், நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கிய சில சடலங்களைப் பரிசோதித்து எழுதிய கட்டுரைதான் இந்த நோய்க் குடும்பத்தைப் பற்றிய ஆதி நூல்களுள் முக்கியமானது. அவர் பெயரை நோய்க்கு இட்டது 1865இல் சாமுவேல் வில்க்ஸ் என்பவர். எனக்கு வந்தது ஹாட்ஜ்கின் கண்ட வகை அன்று; ‘டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்’ என்று மருத்துவர்கள் அழைக்கும், உலகில் அதிகம் பேருக்கு வருகிற, வேகமாகப் பெருகுகிற வேறொரு வகை.

பயாப்ஸி அறிக்கை வந்த அன்று என் புதல்வன் எனக்கு முன்பாகவே மருத்துவரின் அறைக்குள் சென்று, ‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், டாக்டர், மனசு உடைஞ்சு போயிடுவார்’ என்று கேட்டுக்கொண்டானாம். ஆஸ்பத்திரி வாசலில் ஆள் உயரத்துக்குப் பெயர்ப்பலகை வைத்திருக்கும்போது, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் எதை மறைப்பது என்று அவர் சிரித்துவிட்டு என்னை உள்ளே அழைத்தார். இந்த மறைப்பு நம் குடும்பங்களில் பிரியத்தின் காரணமாகவே நிகழ்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ‘கட்டி’ என்றும் ‘அந்த வியாதி’ என்றும் சொல்லிச் சொல்லி, நோயாளி ஒருவரைத் தவிர வீட்டிலுள்ள அனைவரும் அறிந்த பரம இரகசியமாக அதை வைத்திருக்கிறோம். ஆனால் தன் உடம்புக்குள் செலுத்தப்படுவது எத்தகைய மருந்து என்று அறியாத மனிதர், அது விளைக்கும் எந்த உபாதை இயல்பானது, எது ஆபத்தானது என்பதை எப்படி அறிவார்? அறியாதவர் எதைச் சொல்வார்? இந்த விஷயத்தில் என் அபிப்பிராயம் தீர்மானமானது: மறைக்கிற பிள்ளைகள் தகப்பனுடைய மனத்தைக் காப்பாற்றப் போய் அவருடைய உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

விசித்திரம் என்னவென்றால், கீமோ மருந்துகளின் ஜன்ம வரலாறே ஒரு மறைப்பிலிருந்துதான் கிளைக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, 1943 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, இத்தாலியின் பாரி துறைமுகத்தின்மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. அங்கே நின்றிருந்த ஜான் ஹார்வி என்னும் அமெரிக்கக் கப்பலில் மஸ்டர்ட் வாயுக் குண்டுகள் இரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. எண்ணெய் மிதந்த கடலில் விழுந்து கரையேறிய மாலுமிகளை, அந்த நீரில் விஷம் கலந்திருப்பதை அறியாத ஆஸ்பத்திரிக்காரர்கள் ஈர உடையோடு கம்பளியால் போர்த்தி உட்கார வைத்தார்கள். உடையை அவிழ்த்துக் குளிப்பாட்டியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பலர், யுத்த இரகசியம் காக்கப்பட்டதால் மாண்டார்கள். விஷம் இன்னதென்று அனுமானித்துத் துணிந்து எழுதிய ஸ்டூவர்ட் அலெக்ஸாண்டர் என்ற ராணுவ மருத்துவர், மாண்டவர்களின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் அற்றுப்போயிருந்ததையும் குறித்தார். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் கில்மன், குட்மன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்களின் யோசனைப்படி, அந்த வாயுவின் உறவுப் பொருள் ஒன்று, மற்ற சிகிச்சைகள் கைவிட்ட ஒரு நிணநீர்ப் புற்று நோயாளிக்குச் செலுத்தப்பட்டிருந்தது. கட்டிகள் கரைந்தன, சில காலத்தில் திரும்பவும் வந்தன. யுத்தக் கட்டுப்பாட்டின் காரணமாக அந்தச் செய்தி அச்சேறியது 1946இல்தான். எனக்கு ஏற்றப்பட்ட சைக்ளோபாஸ்பமைடு அந்த வம்சத்தின் சாந்தமான சந்ததி.

கீமோ ஏற்றும் நாள் நீண்ட நாள். முதலில் ரிட்டுக்ஸிமாப் என்னும் மருந்து, முதல் தடவையில் பல மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அது இறங்கத் தொடங்கிச் சிறிது நேரத்திற்கெல்லாம் எனக்கு முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடிற்று. மார்கழிக் குளிர்போல் ஏதோ ஒன்று, போர்த்திக்கொண்டால் போய்விடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். நர்ஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, ‘ஐயா, குளிருதா? குளிர்ந்தா இப்பவே சொல்லணும்’ என்றாள். சொன்னேன். குழாயை நிறுத்தி, வேறொரு ஊசி போட்டு, அரைமணி நேரம் பொறுத்து மெதுவாக மறுபடி திறந்தாள். அதற்குமேல் ஒன்றும் நேரவில்லை.

பக்கத்துப் படுக்கையில் காவிரிப் படுகையைச் சேர்ந்த விவசாயி ஒருவர். டாக்ஸோரூபிசின் என்னும் செந்நிற மருந்து அவர் கையில் ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தார். நர்ஸ் தற்செயலாகத் திரும்பியவள் அவர் நெற்றி வியர்வையைக் கண்டு ஓடிவந்து நிறுத்தினாள்; ஊசி முனையைச் சுற்றித் தடிப்புக் கண்டிருந்தது.

‘எரிஞ்சுதா ஐயா?’

‘ஊசின்னா எரியத்தானேம்மா செய்யும்?’

‘இந்த ஊசி எரியக் கூடாது. நரம்பை விட்டு வெளியே கசிஞ்சா சதை வெந்துபோயிடும்.’

அந்த மனிதர் வெட்கத்தோடு சிரித்தார். நாற்றங்காலில் கட்டுவிரியன் கடித்தபோதுகூடச் சத்தம் போடாதவராம் அவர். அவருடைய மனைவி பெருமையாகச் சொன்னாள்.

அந்தச் செந்நிற மருந்து, பாரி நகரம் இருக்கும் அதே புலியா பிரதேசத்தில் காஸ்டல் டெல் மாண்டே என்ற பழங்கோட்டையருகே எடுத்த மண்ணில் கண்ட நுண்ணுயிரின் வழிவந்தது. மறுநாள் சிறுநீரும் சிவந்து போகிறது. முன்பே சொல்லி வைத்தால் வீட்டார் இரத்தமென்று அலறாமல் இருப்பார்கள். வின்கிரிஸ்டின் என்னும் மற்றொரு மருந்தோ நம் வீட்டுக் கொல்லைகளில் தானாக முளைக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. மடகாஸ்கரில் பிறந்த அச்செடியைத் தமிழ்நாட்டின் வானம் பார்த்த பூமிகளில் பயிராக்கி அயல்நாடுகளுக்கு அனுப்பியும் வருகிறார்கள். இந்தச் செடியின் மருந்து நரம்பு நுனிகளை மரக்கச் செய்வது. அதனால்தான் என் மருத்துவர் ஒவ்வொரு முறையும், ‘விரல் மரமரன்னு இருக்கா?’ என்று பொதுவாகக் கேட்பதோடு விடாமல், ‘சட்டைப் பொத்தான் நீங்களே போடுறீங்களா, அம்மா போட்டு விடுறாங்களா?’ என்று கேட்பார். முந்தைய கேள்விக்குப் பொறுமைசாலி ‘பரவாயில்லை’ என்று பதில் சொல்லிவிடலாம். பிந்தையதற்கு அப்படிச் சொல்ல வழியில்லை. என் மனைவி முந்திக்கொண்டு, ‘நேத்து நான்தான் போட்டு விட்டேன், டாக்டர்’ என்றாள். அவர் மருந்தின் அளவைக் குறைத்தார்.

இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவையாக ஆறு தடவை என்பது வழக்கமான கணக்கு. முதல் ஐந்து நாள் பிரட்னிசலோன் மாத்திரை. அது பசியைக் கிளப்பி, நித்திரையைக் கெடுத்து, நள்ளிரவில் அலமாரியை ஒழுங்குபடுத்தத் தூண்டும் ஓர் உற்சாகத்தைக் கொடுத்துவிட்டு, ஆறாம் நாள் ஆளைக் கீழே போட்டுவிடுகிறது. சோறு கொதிக்கும் மணம் குமட்டியது. காலைக் காப்பியில் உலோக வாடை அடித்தது. ரசமும் மோரும் கைவிடவில்லை. வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை என்பது வீட்டு வைத்தியம், உப்பு நீரில் கொப்பளிப்பது ஆஸ்பத்திரி வைத்தியம். இரண்டையும் செய்தேன், இரண்டையும் மருத்துவரிடம் சொன்னேன். நோயாளிகள் மருத்துவரிடம் அதிகம் ஒளிப்பது வலியைக்கூட அன்று, கஷாயத்தை. முள்சீத்தா இலைக் கஷாயமும் கோதுமைப்புல் சாறும் கொண்டுவந்து, ‘டாக்டர்கிட்ட சொல்ல வேண்டாம் அண்ணா, அவங்க ஒத்துக்க மாட்டாங்க’ என்று அந்தரங்கமாகக் கொடுக்கும் பந்துக்களின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒளித்துக் குடிக்க வேண்டியதொன்றைக் கீமோவோடு சேர்த்துக் குடிப்பது விபரீதம்.

தலைமயிர் உதிர்ந்ததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மொட்டைத் தலையோடு ஒரு கிழவன் பஸ்ஸில் ஏறினால், ‘பழனியா, திருப்பதியா?’ என்று கேட்கிற நாடு இது. நான் ஆளுக்குத் தக்கபடி ஊரைச் சொல்லி வந்தேன். பெண்களுக்கு அந்தச் சலுகை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கிய காலத்தில், எனக்கு வந்ததைப் போன்ற நோயை மருந்தால் குணப்படுத்தலாம் என்று நிச்சயமாகச் சொல்ல உலகில் எவராலும் இயலவில்லை. பிற்பாடு நான்கு மருந்துகளைக் கூட்டாகக் கொடுக்கும் முறை வந்தது. அவற்றோடு ரிட்டுக்ஸிமாப்பையும் சேர்த்தால் முதியவர்களும்கூட அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்ற பிரெஞ்சு ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. இன்று இந்த வகை நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு பேர் முற்றிலும் குணமடைகிறார்கள். மருந்து தன் வேலையைச் செய்கிறது. இடையில் அது எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால், ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையில், ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘கவுண்ட்’ என்று சொல்லும் வெள்ளையணுக் கணக்கு அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. கிருமியை எதிர்க்க ஆள் இல்லாத அந்த நாட்களில் வரும் ஜுரம், சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடக்கூடியது. மற்ற உபாதைகளில் சொல்லத் தாமதித்தால் கஷ்டம். இதில் தாமதித்தால் திருத்த முடியாது.

ஆகவே, இந்தச் சிகிச்சையைத் தொடங்கப்போகிற அன்பர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு விண்ணப்பம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அது 100.4 டிகிரியைக் காட்டினால், பாராசிட்டமால் விழுங்கிவிட்டு விடியட்டும் என்று படுத்துக்கொள்ளாதீர்கள். தூங்குகிறவர்களுக்குச் சிரமம் தருகிறோமே என்று தயங்காதீர்கள். எழுப்பிச் சொல்லுங்கள், அந்த இரவிலேயே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். அங்கே அவசரப் பிரிவில் எதிர்ப்படுகிறவர் யாராயிருந்தாலும், பெயரைச் சொல்வதற்கு முன்பே, ‘கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஜுரம் வந்திருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள்.