முணுமுணுப்பும் எர்த் கம்பியும்

எங்கள் வீட்டு இசைத்தொகுதியில் ஒரு முணுமுணுப்பு குடிகொண்டிருந்தது. பாட்டு ஓய்ந்தாலும் ஒலிபெருக்கியில் ‘ம்ம்ம்’ என்று கேட்கும். மின்சாரத்தை வடிகட்டித் தரும் ‘பவர் கண்டிஷனர்’ வாங்கினால் தீரும் என்றனர் நண்பர்கள். செலவே வேண்டாம், ஆம்பிளிபயரின் எர்த் கம்பியைத் துண்டித்துவிடுங்கள் என்றார் ஒருவர்.

அதற்கு நான் உடன்படவில்லை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கசிவு ஏற்பட்டால், உலோகப் பெட்டியைத் தொடும் பிள்ளையைக் காப்பது அந்தக் கம்பிதான்.

காரணத்தைத் தேடினேன். ஆம்பிளிபயரும் கணினியும் வெவ்வேறு சுவர்களிலிருந்து மின்சாரம் பெற்றன. அவற்றின் எர்த் கம்பிகளும் இடையிலுள்ள ஒலிக்கம்பியும் ஒரு வளையமாகி, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வை ஒலியில் கலந்தன. இரண்டையும் ஒரே மின்முனையில் இணைத்தேன், முணுமுணுப்பு அடங்கியது.

பின்னர் கண்டிஷனரும் வாங்கினேன். எல்இடி விளக்கு, கணினி ஆகியவை மின்கம்பியில் எழுப்பும் இரைச்சலை அது குறைக்கும். திடீர் மின்னழுத்த உயர்வையும் ஓரளவு தாங்கும். ஆயினும் இடி முழங்கும் மாலைகளில் பிளக்கைக் கழற்றிவிடுகிறோம்.

பெற்றோர்களே, இசை இனிமையாக ஒலிக்க எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். எர்த் கம்பியை மட்டும் எவர் சொன்னாலும் துண்டிக்காதீர்கள்.