வரவு யார் கணக்கில்?

'மஞ்சள் காமாலை' என்று வாயைத் திறந்து சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டு மாமி, பால்காரர், வாட்ச்மேன், ஆட்டோ டிரைவர்... யாராக இருந்தாலும் பதில் ஒன்றுதான். 'கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடிங்க சார், தன்னால இறங்கிடும்!' கட்சி, சாதி, மதம் எல்லாவற்றையும் தாண்டித் தமிழர்கள் ஒத்துப்போகிற விஷயம் அநேகமாக இது ஒன்றுதான்.

செடியும் ரொம்ப சமத்து. விதைக்க வேண்டாம், உரம் வேண்டாம். நாலு மழை பெய்தால் காம்பவுண்ட் சுவர் ஓரத்திலும் பூந்தொட்டியிலும் தானாக முளைத்து நிற்கும். புளிய இலை மாதிரி சின்னச் சின்ன இலைகள். காம்பைத் திருப்பிப் பார்த்தால், அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டி நெல்லிக்காய்கள். கீழே காய்க்கிற நெல்லி, அதனால் கீழாநெல்லி.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்கும் காமாலை வந்தது. பாட்டி விடியற்காலையில் எழுப்பி, கொட்டைப்பாக்கு அளவு அரைத்த விழுதை மோரில் கலக்கிக் கொடுப்பாள். எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது. மூன்றாவது வாரம் கண் வெளுத்தது. வீடே கீழாநெல்லிக்குக் கும்பிடு போட்டது.

அப்புறம் நான் படித்தது பி.காம். கணக்குப் பதிவியலில் அடிப்படைக் கேள்வி ஒன்று உண்டு. 'பணம் வந்திருக்கு, சரி. அதை யார் கணக்குல வரவு வைக்கப் போறே?' இதே கேள்வியைக் காமாலையிடம் கேட்டால் சுவாரஸ்யமான பதில் கிடைக்கிறது.

காமாலை என்பது ஒரு நோயே இல்லை, அறிகுறி. ரத்தத்தில் வயதான சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்கிற மஞ்சள் பொருள் உண்டாகிறது. ஈரல் அதைப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்குத் தள்ளிவிடும். அந்த வேலை எங்கேயாவது தடைப்பட்டால் மஞ்சள் ரத்தத்தில் தேங்கி, கண்ணில் தெரிகிறது. தடைப்படுவதற்குக் காரணம் பல. அசுத்தமான தண்ணீர், சாப்பாட்டில் வருகிற ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்கள். ரத்தம் மூலமாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றுகிற பி, சி. குடி. சில மாத்திரைகள். பித்தக் குழாயை அடைக்கிற கல் அல்லது கட்டி.

இதில் ஏ வகை, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். கீழாநெல்லி குடித்தாலும் போகும், குடிக்காவிட்டாலும் போகும். உடம்பு கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததைத்தான் ஊரே செடியின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருக்கிறது!

கோபப்படாதீர்கள். செடியை விசாரிக்காமல் யாரும் தள்ளிவிடவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த ஆராய்ச்சிக்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர் பாரூக் ப்ளூம்பெர்க். அவரும் சென்னை விஞ்ஞானி எஸ்.பி.தியாகராஜனும் சேர்ந்து, அந்த வைரஸ் ரத்தத்தில் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெறும் கேப்ஸ்யூல் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. 2011-ல் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. தணிக்கையில் தேறாத வரவு!

நான் முன்பு வேலை பார்த்த பத்திரிகையில் ஒரு புரூஃப் ரீடர் இருந்தார். ஐம்பத்து மூன்று வயது. ஒற்றுப்பிழை அவர் கண்ணில் தப்பவே தப்பாது. அந்தக் கண் ஒருநாள் மஞ்சளானது. வாரா வாரம் மருந்து தருகிற ஒருவரிடம் போக ஆரம்பித்தார். உடம்பெல்லாம் அரிப்பு. மலம் களிமண் மாதிரி வெளுத்துப் போகிறது என்றார். 'அண்ணே, டாக்டரைப் பாருங்கண்ணே' என்று எல்லோரும் சொன்னோம். 'நாலு வாரம் பத்தியம் இருந்துட்டேன் தம்பி. பாதியில விட்டா மருந்து முறிஞ்சிடும்' என்றார்.

ஆறாவது வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தக் குழாயில் கட்டி. ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு அவர்தான் புரூஃப் பார்த்தார். கல்யாணத்துக்கு அவர் இல்லை.

ஆறு வாரம் முன்பே போயிருந்தால் பிழைத்திருப்பாரா? நிச்சயமாக என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். ஆனால், அந்த ஆறு வாரம் அவருக்குச் சொந்தமானது. அதைத்தான் என்னால் எந்தக் கணக்கிலும் எழுத முடியவில்லை.

'மூலிகைதானே, நல்லது செய்யாட்டாலும் கெடுதல் செய்யாது' என்பார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகப் பலர் சீந்தில் கஷாயம் குடித்தார்கள். அப்படிக் குடித்த ஆறு பேருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை 2020-ல் மும்பை டாக்டர்கள் கவனித்து, 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. 2022-ல் நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து இதேபோல 43 பேரைப் பற்றிய விவரம் வெளியானது.

அதனால் கண் மஞ்சளானால் முதல் வேலை ரத்தப் பரிசோதனை. டாக்டர் சொன்னால் ஸ்கேன். எந்தக் காமாலை என்று தெரியட்டும். கர்ப்பிணி என்றால் ஒருநாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள், இ வைரஸ் அவர்கள் உயிருக்கே உலை வைக்கும். காமாலைக்காரர் உளற ஆரம்பித்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிதான். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். சி வகை பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் குணமாகிறது. 2018-ல் ஆரம்பித்த தேசியத் திட்டத்தில் அதற்கு இலவச சிகிச்சையே உண்டு.

சித்த வைத்தியம்தான் என்று உறுதியாக இருப்பவர்களும், பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் அந்த ரிப்போர்ட்டோடு போகலாமே!

முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். சுவர் ஓரத்துச் செடி எங்கேயும் போய்விடாது.