புதுப்பித்தபின் மறையும் வைஃபை: ஒரு வேர்தேடல்

வீட்டு ரவுட்டரில் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தபின், அதாவது அதன் ஃப்ளாஷ் நினைவகத்தில் நிலையாகப் பதிந்து கருவியை இயக்கும் மென்பொருளை மாற்றியபின், கம்பிவழி இணையம் குறைவின்றி ஓட, வைஃபை பெயர் மட்டும் கைப்பேசியின் பட்டியலிலிருந்து காணாமற்போவது பலர் சந்தித்த கோளாறு. சில்லு பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டுவது எளிது. ஆயினும் சற்றுமுன்வரை ஒழுங்காக உழைத்த சில்லு, மென்பொருள் மாறிய அதே வேளையில் தற்செயலாக எரிந்துபோவது அரிது. எனவே காரணத்தை, ரவுட்டரின் மைய மென்பொருளும் அதன் ரேடியோப் பகுதியும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் தேட வேண்டும். அந்தப் பிணைப்பின் வரலாறு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்கிறது.

லிங்க்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி என்னும் ரவுட்டருக்குள் லினக்ஸ் இயங்குவது மறு ஆண்டு வெளிப்பட்டது. லினக்ஸின் உரிமமான ஜிபிஎல், அதைக் கருவியில் ஏற்றி விற்பவர் மூலநிரலையும் தர வேண்டும் என்று விதிப்பதால், 2003இலேயே மூலநிரல் வெளியாயிற்று; அதை அடித்தளமாகக் கொண்டு, எவரும் மாற்றி எழுதக்கூடிய ஓபன்டபிள்யூஆர்டி என்னும் திறந்த ஃபர்ம்வேர் திட்டம் 2004 ஜனவரியில் பிறந்தது. ஆனால் வெளியானவற்றுள் ஒன்று மட்டும் மூடியே இருந்தது. ரேடியோச் சில்லுக்கும் கர்னலுக்கும், அதாவது வன்பொருளை ஆளும் லினக்ஸின் மையப்பகுதிக்கும், இடைநின்று பேசும் பிராட்காம் டிரைவர், வரிகளைப் படிக்க இயலாத, தொகுக்கப்பட்ட கோப்பாகவே கிடைத்தது. அது லினக்ஸ் 2.4 கர்னலுக்கென்று தொகுக்கப்பட்டிருந்ததால், கர்னலை 2.6க்கு உயர்த்தினால் ரவுட்டரின் மற்ற பகுதிகள் யாவும் எழுந்துவர, ரேடியோ மட்டும் எழாது. அதன் பொருட்டே அந்தக் கருவிகளுக்கான 2.4 கர்னல், வெளியுலகம் 2.6க்கு மாறிவிட்டபின்னும், பல ஆண்டுகள் பேணிக் காக்கப்பட்டது. மாற்றாக எழுதப்பட்ட திறந்த டிரைவர் 2006இல் 2.6.17 கர்னலோடு வந்துசேர்ந்தபோதும், ரேடியோச் சில்லுக்குள்ளேயே ஓடும் குறுநிரலை உரிமச் சிக்கலால் அதனுடன் சேர்த்துத் தர இயலவில்லை. பயனர்தான் அதைப் பழைய டிரைவர் கோப்பிலிருந்து தனியே பிரித்தெடுத்து வைக்க வேண்டியிருந்தது. ரவுட்டர் என்பது ஒரே கணினி அன்று, தனக்கென நிரலுடைய மற்றொரு சிறு கணினியையும் உள்ளே தாங்கியது என்பதும், வெளிக்கணினியைப் புதுப்பிப்பதால் உள்கணினி தானாக ஒத்துழைத்துவிடாது என்பதும் அந்தத் தலைமுறையிலேயே தெளிவாகிவிட்டன.

அந்தப் பிணைப்பு எவ்வளவு மெல்லியது என்பதை ஓபன்டபிள்யூஆர்டியின் 19.07 பதிப்பைச் சூழ்ந்த மாற்றத்தில் மிக நெருக்கமாகக் காணலாம். 2020 ஜனவரியில் வெளியான அந்தப் பதிப்பு, ஏதெரோஸ் சில்லுகள் கொண்ட ஏராளமான ரவுட்டர்களுக்கு ‘ஏஆர்71எக்ஸ்எக்ஸ்’ என்னும் பழைய கர்னல் கிளையை வழங்கிய கடைசிப் பதிப்பு. அதன் இடத்தை ‘ஏடிஎச்79’ என்னும் புதிய கிளை பிடித்தது. பழைய கிளையில் ஒவ்வொரு கருவியின் அமைப்பும் கர்னலுக்குள்ளேயே நிரலாக எழுதப்பட்டிருந்தது; புதிய கிளையிலோ அது டிவைஸ் ட்ரீ எனப்படும் தனி விவரணைக் கோப்புக்கு இடம்பெயர்ந்தது. இதனால், பழையதில் ‘பிளாட்ஃபார்ம்/கியூசிஏ955எக்ஸ்_டபிள்யூமேக்’ என்ற பாதையில் அறியப்பட்ட அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, புதியதில் ‘பிளாட்ஃபார்ம்/ஏஎச்பி/18100000.டபிள்யூமேக்’ என்று அறியப்படலாயிற்று. வைஃபையின் பெயர், கடவுச்சொல், சேனல் ஆகியவற்றைத் தாங்கும் அமைப்புக் கோப்பு பழைய பாதையையே சுட்டிக்கொண்டிருக்க, அந்த முகவரியில் இப்போது எவரும் இல்லை. புதிய முகவரியில் ரேடியோவைக் காணும் மென்பொருளோ, அதை இதுவரை அறியாத புதிய ரேடியோ என்று எண்ணி, அதற்கென வேறொரு பகுதியை எழுதி, அணைத்த நிலையிலேயே விட்டுவிடுகிறது. கடவுச்சொல்லும் நாட்டுக் குறியீடும் குறிக்கப்படாத ரேடியோவைத் தானாக ஒலிபரப்ப விடலாகாது என்ற, முற்றிலும் நியாயமான எச்சரிக்கையே அந்த அணைப்புக்குக் காரணம். திட்டத்தினர் இதை முன்னுணர்ந்து, பழைய பாதையைப் புதியதாக மாற்றித்தரும் சிறு நிரலொன்றையும் ஏடிஎச்79 கிளையில் சேர்த்தனர் என்பது அவர்களின் பொறுப்புணர்வுக்குச் சான்று.

ரேடியோ சரியாக அறியப்பட்டு, இயக்கியும் விடப்பட்ட பின்னரும் அலை வராதிருந்தால், தேடல் கருவிக்கு வெளியே, சட்டத்தின் பக்கம் திரும்ப வேண்டும். 2003இல் ஜெனிவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையின் சில பகுதிகளை வைஃபைக்கு ஒதுக்கியபோது, அங்கே ஏற்கெனவே இயங்கிவந்த ரேடார்களுக்கு வழிவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஆகவே ரேடார்களுக்கு வழிவிட வேண்டிய சேனல்களில் ரவுட்டர் முதலில் 60 விநாடிகள் கேட்க மட்டுமே செய்யும். வானிலை ரேடார்கள் இயங்கும் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதியில், ஐரோப்பிய விதிப்படி, 10 நிமிடங்கள் கேட்கும். ரேடாரின் துடிப்பு கேட்டால் அந்தச் சேனலை விட்டு விலகி, 30 நிமிடங்களுக்குத் திரும்பாது. புதுப்பித்தவுடன் பெயர் தெரியவில்லையே என்று ஐந்தாம் நிமிடத்தில் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் இணைப்பவர், அந்தக் காத்திருப்பை முதலிலிருந்து தொடங்கிவைக்கிறார். இந்த விதி வெறும் சம்பிரதாயம் அன்று: 2009இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், விமான நிலையத்துக்கான வானிலை ரேடாரில் 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் உண்மையிலேயே இடையூறு செய்தது கண்டறியப்பட்டது. நாட்டுக் குறியீடு புதுப்பிப்பில் அழிந்துபோனால், லினக்ஸ் ‘00’ என்னும் பொது உலக விதிக்குத் திரும்புகிறது; அதன்கீழ் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பலாம், 5 கிகாஹெர்ட்ஸில் ரவுட்டர் தானே முதலில் பேசத் தொடங்கலாகாது. ஒரு பெயர் தெரிந்து மற்றொன்று தெரியாத நிலையில் முதலில் பார்க்கத்தக்கது அந்தக் குறியீடே.

இவற்றுள் எது நேர்ந்தது என்பதைக் கர்னலின் பதிவேடு, அதாவது கருவி எழும்போது அது வரிவரியாக எழுதிவைக்கும் குறிப்பு, பெரும்பாலும் சொல்லிவிடும். கம்பிவழி உள்ளே நுழைந்து அதைப் படிக்கும்போது, ரேடியோவைப் பற்றிய வரியே இல்லையெனில் டிரைவர் இல்லை என்றும், சில்லின் நிரற்கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி இருந்தால் அக்கோப்பு விடுபட்டது என்றும், ரேடியோ ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் சிக்கல் அமைப்புக் கோப்பிலோ நாட்டுக் குறியீட்டிலோ உள்ளது என்றும் கொள்ளலாம். அதைப் படிக்குமுன் தொழிற்சாலை நிலைக்கு மீட்கும் பொத்தானை அழுத்துவது பரவலாகச் சொல்லப்படும் அறிவுரையாயினும் ஏற்கத்தக்கதன்று. எந்த அமைப்பு எங்கே பிசகியது என்ற தடயத்தை அது அழித்துவிடுகிறது.

பொத்தானாலும் மீட்க முடியாத இழப்பு ஒன்றும் உண்டு. ஏதெரோஸ் ரவுட்டர்களின் ஃப்ளாஷ் நினைவகத்தில், ‘ஏஆர்டி’ என்ற பெயரில் வழக்கமாக 64 கிலோபைட் அளவுள்ள ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும்; ரேடியோவின் அலைத்திறனும் அலைவெண் திருத்தமும் தொழிற்சாலையில் ஒவ்வொரு கருவியாக அளக்கப்பட்டு அதில் எழுதப்படுகின்றன. முறையான புதுப்பிப்பு அதைத் தொடுவதில்லை. தவறான கோப்பை ஃப்ளாஷ் முழுவதிலும் எழுதினால் அதுவும் அழியும். அதே மாதிரியைச் சேர்ந்த வேறொரு ரவுட்டரின் பிரதியை அங்கே எழுதினால் வைஃபை எழக்கூடும், ஆனால் அது அந்தச் சில்லுக்கு அளந்த திருத்தம் அன்று. ஆதலால் புதுப்பிக்குமுன் அந்த 64 கிலோபைட்டைத் தனியே நகலெடுத்து, ரவுட்டருக்கு வெளியே ஒரு கணினியில் வைத்துக்கொள்வது அவசியம்.