காலணாப் பொட்டலம்

செஞ்சிக் கோட்டை என்றால் உங்களுக்குத் தேசிங்கு ராஜனும் அவன் குதிரையுந்தான் நினைவுக்கு வரும். ராஜகிரியில் பாதிப் படி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்த எனக்கு நினைவுக்கு வந்தது என்னவோ காய்ச்சல்!

காரணம் உண்டு. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தார்கள். இடையில் எப்போதும் நூறு வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு மேல் இங்கே நிறுத்தியதில்லை. ஆனாலும் மாண்டவர்கள் 1,200 பேர் என்று ஆர்ம் என்ற சரித்திராசிரியர் எழுதி வைத்திருக்கிறார். ஊர் ஆரோக்கியமில்லாதது என்பதோடு சரி. மலேரியாவைச் சுமப்பது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் 1897-ல்தானே கண்டுபிடித்தார்!

மருந்து அதற்கு முன்பே இருந்தது. எட்டாத தூரத்தில் இருந்தது. 1892-ல் வங்காளத்தில் ஒரு யோசனை செய்தார்கள். ஒரு வேளைக் கொயினாவைப் பொட்டலமாக மடித்து, தபாலாபீசில் காலணாவுக்கு விற்றார்கள். டாக்டர் இல்லாத ஊருக்கும் தபால்காரர் போவார் அல்லவா?

நாமெல்லாம் மளிகைக் கணக்குப் போடுகிறவர்கள். இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மலைக் கிராமத்தில் குழந்தைக்குக் குளிர் ஜுரம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். ஆனால் போய் வர பஸ் சார்ஜ், தாய்க்கு அன்றைய கூலி போச்சு, துணைக்கு வந்த கணவனுக்கும் போச்சு, வீட்டிலிருக்கும் கைக்குழந்தையை யார் பார்ப்பது? ஓசி மாத்திரைக்கு இத்தனை விலை! "நாளைக்குப் பார்க்கலாம்" என்று அவள் சொன்னால் அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே, 2005-லிருந்து ஊருக்குள்ளேயே ஒரு பெண்ணை 'ஆஷா' என்று நியமித்தார்கள். அநேகமாக அந்த ஊருக்கு வாழ வந்த மருமகள். விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்தால், கால் மணி, இருபது நிமிஷத்தில் முடிவு தெரியும். பல வருஷங்கள் அவளுக்குக் கிடைத்தது சோதனைக்கு 15 ரூபாய். நோயாளிக்கு மருந்தை முழுதும் கொடுத்து முடித்தால் 75 ரூபாய். இந்த 'முழுதும்' என்பதில்தான் சங்கடம். மலேரியாவில் வைவாக்ஸ் என்று ஒரு வகை. கிருமி ஈரலில் பதுங்கியிருந்து மறுபடி தலை தூக்கும். அதை ஒழிக்க 14 நாள் மாத்திரை. மூன்றாம் நாள் ஜுரம் விட்டதும் மாத்திரை டப்பா பரணுக்குப் போய்விடும், நம் வீட்டிலேயே! அவள் தினம் வாசலில் வந்து நிற்க வேண்டும்.

ஒடிசாவில் 2017 முதல், எட்டாத மலைக் கிராமங்களில் ஜுரம் இல்லாதவர்களுக்கும் முகாம் போட்டுச் சோதித்தார்கள், கொசுவலையும் கொடுத்தார்கள். 2016-ல் நாலு லட்சத்துக்கு மேலிருந்த மலேரியா, 2018-ல் எழுபதாயிரத்துக்குக் கீழே இறங்கியது. வீடு வீடாக அலைந்தவர்களில் ஆஷாக்களும் உண்டு.

இங்கேதான் எனக்கு ஓர் ஆதங்கம். நோயாளிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், நோய் குறையக் குறைய அவள் வருமானமும் குறையுமே! திருடன் அகப்படாத மாதத்தில் நம் தெருக் கூர்க்காவின் சம்பளத்தைப் பிடிக்கிறோமா, சொல்லுங்கள். ஜுரமில்லாத மாதத்திலும் அவளுக்கு மலேரியாவுக்கென்று ஒரு நிலையான தொகை வேண்டும் என்பது என் கட்சி.

அது வீண் செலவு என்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. 1965 வாக்கில் இந்தியாவில் மலேரியா ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குத்தான். ஒழிந்தது என்று காவல் தளர்ந்தது. மருந்துக்கும் கொசு அசையாமல் நின்றது. 1976-ல் எண்ணிக்கை 64 லட்சம்.