எழுபது வளைவு, ஐநூறு ரூபாய்!

சேலம், நாமக்கல் பக்கம் பிறந்தவனுக்குச் சீட்டு என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெருச் சீட்டு, ஆபீஸ் சீட்டு, தீபாவளிச் சீட்டு என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து ஏதோ ஒன்றுக்குக் கட்டிக்கொண்டேதான் இருக்கிறோம். சீட்டுப் பிடித்தவர் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்தால் என்ன நடக்கும் என்பதும் அத்துப்படி.

இப்போது புதுசாக ஒரு சீட்டு வந்திருக்கிறது. இதில் ஏலமும் கிடையாது, கசரும் கிடையாது! “நான் ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்யப் போகிறேன். இப்போதே காசு கொடுங்கள். முடிந்ததும் முதலில் உங்களுக்குத்தான்” என்பார் ஒருத்தர். முன்பின் பார்த்திராத ஆயிரம் பேர் கொடுப்பார்கள். கிரவுட் ஃபண்டிங் என்று பெயர். அமெரிக்காவில் 2009-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கம்பெனி இதையே தொழிலாக ஆரம்பித்தது. கும்பாபிஷேகத்துக்கு ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நாம் கிளம்புகிற அதே சமாச்சாரம்தான். வெள்ளைக்காரன் செய்தால் கண்டுபிடிப்பு!

ராசிபுரத்தில் எனக்கு ஒரு சிநேகிதன். பகலில் கணக்கு எழுதுகிற வேலை, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கேம் எழுதுகிற வேலை. நாமக்கல் லாரி ஒன்று முழு லோடோடு தொப்பூர் கணவாய் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம், ஆனால் பிரேக் பிடிக்காது. அவ்வளவுதான் விளையாட்டு. பாதி செய்து லாரி டிரைவர்களிடம் கொடுத்தான். “அப்படியே இருக்குதுங்க தம்பி” என்றார்கள். உடனே தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று 60 பேர் ஆளுக்கு 500 ரூபாய் போட்டோம். முப்பதாயிரம்!

அதோடு விட்டிருந்தால் ஆறு மாசத்தில் முடிந்திருக்கும். விட்டார்களா? “தொப்பூர் மட்டும் எதுக்கு பிரதர்? கொல்லிமலையில எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கே, அதையும் சேத்துடுங்க!” என்றார் ஒரு புண்ணியவான். இன்னொருத்தருக்கு மழை வேண்டும். மற்றொருத்தருக்கு ஹிந்தியிலும் வேண்டும். எல்லாவற்றுக்கும் இவன் சரி சரி என்று தலையாட்டினான்.

“முடியாதுன்னு சொல்லேன்டா” என்றேன்.

“காசு குடுத்தவங்க கேக்கறாங்க மாப்ளே. எப்படிச் சொல்றது?”

கவனியுங்கள். ஆபீஸில் நமக்கு ஒரே ஒரு மேனேஜர். அதற்கே சாயங்காலம் ஆனால் தலைவலித் தைலம் தேடுகிறோம். இவனுக்கு அறுபது மேனேஜர்கள், அதுவும் ஆளுக்கு ஐநூறு ரூபாய்க்கு!

இரண்டாவது வருஷம், பதினாலாவது வளைவில் வண்டி நின்றது. லேப்டாப்பைத் திறந்தாலே குமட்டுகிறது என்றான். தூக்கம் போச்சு. பகல் வேலையில் கூட்டல் கழித்தல் தப்பியது. கடைசியில் யார் போனையும் எடுப்பதில்லை. “ஆள் ஓடிட்டானா?” என்று ஒருத்தர் கிளப்பிவிட, விஷயம் அவன் அப்பா டீ குடிக்கிற கடை வரைக்கும் போயிற்று. நம் ஊரில் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது.

அவன் ஓடவில்லை. வெந்துபோயிருந்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை வேலையால் வரும் ஒரு நிலை என்று வரையறுத்தது. ஆங்கிலத்தில் பர்ன் அவுட். ஆள் வற்றிப்போவது, வேலை மேலேயே வெறுப்பு வருவது, செய்கிற வேலை தேறாமல் போவது, இந்த மூன்றும்தான் அடையாளம். சோம்பேறிக்கு இது வருவதில்லை சார்.

பெரிய ஆட்களுக்கும் இதே கதைதான். நீல் ஸ்டீஃபன்சன் என்ற அமெரிக்க நாவலாசிரியர் வாள்சண்டை விளையாட்டு ஒன்றுக்கு 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் கை நீட்டினார். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். 2014-ல் “முடியவில்லை, நிறுத்துகிறோம்” என்று அவரே எழுதினார். அதே 2012-ல் டிம் ஷேஃபர் நாலு லட்சம் டாலர் கேட்டார், முப்பத்து மூன்று லட்சம் வந்தது. பணம் பெருத்தது, கனவு அதைவிடப் பெருத்தது! காசு போதாமல் விளையாட்டை இரண்டாக வெட்டி, முதல் பாதியை 2014-லும் மறு பாதியை 2015-லும் கொடுத்தார். மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் செய்தார். கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டியவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் சொன்னதைக் கொடுக்கவில்லை என்று 2015-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. பத்துக்கு ஒன்று பழுது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் ஏறியது திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிதான்! இந்தியா பூரா ஓடுகிற ரிக் அது. அடிக்கு இவ்வளவு என்று கூலி. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் ஓட்டிய அடிக்குக் காசு. எழுநூறு அடியில் புழுதிதான் பறக்கிறதென்றால் ரிக்காரர் வண்டியை நிறுத்துவார். “தண்ணி இல்லீங்க. நிறுத்தட்டுமா, இன்னும் நூறடி பாக்கலாமா?” காட்டுக்காரருக்கு வயிறு எரியும். ஆனால் ரிக்காரரை ஓடிப்போனவன் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லிவிட்டு நிறுத்துகிறார் பாருங்கள், அதனால்.

சின்னதாக நின்றுபோனால் மானம் போய்விடாது என்பதற்குச் சேலத்திலேயே சாட்சி இருக்கிறது. கவிஞர் சி. மணியும் நண்பர்களும் 1968-ல் இங்கிருந்து ‘நடை’ என்ற காலாண்டிதழைக் கொண்டுவந்தார்கள். சந்தாவையும் சொந்தக் கைக்காசையும் நம்பி நடப்பதுதானே சிற்றிதழ்? எட்டே இதழ். இன்றைக்கும் புதுக்கவிதையின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் ‘நடை’யைத் தாண்டிப் போவதில்லை.

சிநேகிதன் ஒருநாள் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினான். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, மிச்சம் எவ்வளவு, உடம்பு எப்படி இருக்கிறது என்று எல்லாம். “கொல்லிமலை என்னால் முடியாது. தொப்பூர் முடிந்துவிட்டது, இந்தாருங்கள். பணம் வேண்டுமென்கிறவர்களுக்கு மூன்று தவணையில் தருகிறேன்.” கேட்டவர்கள் ஏழு பேர். கடைசித் தவணை போன மாசம் முடிந்தது. ஒரு லாரி டிரைவர் மட்டும் பதில் போட்டிருந்தார்: “தொப்பூர் ஒண்ணே போதும் தம்பி. நல்லாத் தூங்குங்க.”

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு பையன் ராத்திரி கண் விழித்து எதையாவது செய்துகொண்டிருப்பான். குறும்படமோ, கேமோ, பத்திரிகையோ. ஐநூறு ரூபாய் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். கொடுத்துவிட்டுத் தயவுசெய்து கொல்லிமலையைக் கேட்காதீர்கள்!