பொம்மைக்கு வலிக்கவில்லை!

என் மகனுக்கு ஸ்பெயினில், மாட்ரிட் நகரில் வேலை. மருமகள் அந்த ஊர்ப் பெண். ஐந்து வயதுப் பேத்திக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஸ்பானிஷில்தான் வரும். அதனால், அங்கே போவதற்கு ஆறு மாதம் முன்பே செல்போன் ஆப் ஒன்றில் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தேன். நோட்டில் இடது பக்கம் ஸ்பானிஷ், வலது பக்கம் தமிழ். 'காஸா' வீடு, 'லீப்ரோ' புத்தகம், 'முஞேக்கா' பொம்மை. முந்நூறு வார்த்தை சேர்ந்ததும் எனக்கே பெருமை தாங்கவில்லை.

போய் நாலாம் நாள், வீட்டில் நானும் பேத்தியும் மட்டும். சோபாவிலிருந்து குதித்தவள் விழுந்துவிட்டாள். "மே துவேலே லா முஞேக்கா" என்று ஒரே அழுகை. 'துவேலே' என்றால் வலிக்கிறது. ஓ, பொம்மைக்கு வலிக்கிறதாம்! கீழே கிடந்த பொம்மையை எடுத்துத் தடவி, "சரியாப் போச்சு பாரு" என்றேன். கையை மார்போடு அணைத்துக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள். நான் பொம்மைக்கு முத்தம் வேறு கொடுத்தேன்.

கடைக்குப் போயிருந்த மருமகள் வந்த பிறகுதான் தெரிந்தது, குழந்தையின் மணிக்கட்டு வீங்கியிருப்பது. ஸ்பானிஷில் மணிக்கட்டுக்கும் 'முஞேக்கா'தான் பெயராம். நல்லவேளை, வெறும் சுளுக்கு. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் மருமகளிடம் வருத்தப்பட்டேன். அவள் சிரித்தபடி சொன்னதை மகன் தமிழில் சொன்னான்: "கல்யாணத்துக்கு வந்தப்போ நீங்க 'படி, படி'ன்னு கத்தினீங்களாம். எதைப் படிக்கணும்னு சுவரைப் பார்த்துக்கிட்டே இறங்கி, படியில வழுக்கி விழுந்தாளாம்!"

அவளே வழியும் சொன்னாள்: "வார்த்தையை எழுதாதீங்க, வாக்கியத்தை எழுதுங்க." உண்மைதான். 'மே' என்றால் 'எனக்கு'. அதைக் கவனித்திருந்தால், வலி பொம்மைக்கு இல்லை, பிள்ளைக்கு என்று புரிந்திருக்கும். 'பாங்கோ'வில் பணம் போட்டால் அது வங்கி. பூங்காவில் உட்கார்ந்தால் பெஞ்ச். 'மஞானா' காலையும்தான், நாளையும்தான். 'மஞானா போர் லா மஞானா' என்றால் நாளைக் காலை.

ஊருக்குக் கிளம்பும்போது பேத்தி கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தே எஸ்பேரோ, பாட்டி" என்றாள். 'எஸ்பேரோ'வுக்கு நம்புகிறேன் என்றும் பொருள், காத்திருக்கிறேன் என்றும் பொருள். இந்த முறை முன்னால் இருந்த 'தே'யையும் கவனித்தேன். உனக்காகக் காத்திருக்கிறேன் என்கிறாள்.

ஊர் வந்ததும் புது நோட்டு வாங்கினேன். முதல் வரியாக அதைத்தான் எழுதினேன், முழு வாக்கியமாக.